பேசுகிறவரை விடுங்கள், கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள்

கேள்வி திருகோணமலை உப்புவெளியிலிருந்து வந்திருக்கிறது. கேட்டவருக்கு இருபது வயது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: "அம்மம்மாவோடு இருந்து பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்க்கிறேன். அவ கண்ணைத் துடைக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. எல்லாரும் மேடையில் நிற்கிற மாதிரிக் கத்திக் கதைக்கிறார்கள். இதில் நடிப்பு என்று எதைப் பார்ப்பது? எந்தக் காட்சியிலிருந்து தொடங்கலாம்?"

தங்கச்சி, சிரிப்பு வருவதில் குற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் உண்மையிலேயே மேடையில்தான் நின்றார்கள். சிவாஜி கணேசன், எம்.ஆர். ராதா போன்றவர்கள் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து வளர்ந்தவர்கள். 'பாய்ஸ் கம்பெனி' என்பார்கள். ஒலிவாங்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும், அவனுக்கும் கை அசைவு தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிய பிறகுதான் கமராவுக்கு முன்னால் வந்தார்கள். நம்முடைய கிழக்கின் வடமோடிக் கூத்தில் ராசா வரவுக்கு வந்து ஆடிக்கொண்டே பாடும்போது, "ஏன் இந்த ராசா மெல்லக் கதைக்கவில்லை" என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆட்டத்தின் முறை அதுதான் என்று தெரிந்துகொண்டுதான் முன்னால் போய் உட்காருகிறோம். பழைய படத்துக்கும் அந்தச் சலுகையைக் கொடுங்கள். ஒரு பதினைந்து நிமிடம் போதும், காது பழகிவிடும்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களில் பலர் இந்தக் காட்சிகளைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இருந்த காலம். அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலையும் பிறகு கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் வீடு வீடாகக் கேட்டார்கள். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் பாட்டுக்கு நடுவில் 'கதைவசனம்' போடுவார்கள். படத்தையே பார்க்காத பொடியன் 'பராசக்தி' நீதிமன்ற வசனத்தை மூச்சு விடாமல் சொல்லுவான். எண்பதுகளில் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டியபோதுதான் பலர் அந்த முகங்களை ஆறுதலாகப் பார்த்தார்கள். ஆகவே உங்கள் அம்மம்மாவுக்கு ஒரு வசனம் வரும்போது அவருக்கு வருவது அந்தக் காட்சி மட்டும் அல்ல, அதைக் கேட்ட காலமும் சேர்ந்துதான் வருகிறது. அது உங்களுக்கு வராது. வர வேண்டியதும் இல்லை. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

வழி இதுதான். யார் பேசுகிறாரோ அவரை விட்டுவிடுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள்.

பேசுகிறவருக்கு வசனகர்த்தா துணை இருக்கிறார். பாடுகிறவருக்குப் பின்னணிப் பாடகர் இருக்கிறார். கேட்கிறவருக்கு முகத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலையின் நிறமோ பூந்தோட்டமோ கண்ணை இழுக்காது. ஒளி விழுகிற இடம் முகம் மட்டும்தான். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த நடிப்பு பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

தொடங்குவதற்கு ஒரு காட்சி கேட்டீர்கள். என் விடை இயக்குநர் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1962. கிட்டத்தட்ட முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. ஒரு மாதத்துக்குள் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள் என்பது கோடம்பாக்கத்தில் இன்றும் பேசப்படும் சங்கதி. முத்துராமன் புற்றுநோயாளி, தேவிகா அவர் மனைவி. வைத்தியம் பார்க்கிற டாக்டர் கல்யாண்குமார், தேவிகா முன்பு விரும்பியவர். நான் செத்துப்போனால் நீ அந்த டாக்டரைக் கட்டிக்கொள் என்று கணவன் சொல்கிறான். அதற்கு அவள் சொல்கிற பதில்தான் 'சொன்னது நீதானா' பாட்டு. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் சுசீலா பாடியது.

பாட்டைக் கேட்கிற எல்லாரும் தேவிகாவைத்தான் பார்ப்பார்கள். அவரும் வடிவாகவே செய்திருக்கிறார். ஆனால் நீங்கள் இரண்டாம் முறை பார்க்கும்போது முத்துராமனை மட்டும் பாருங்கள். கட்டிலில் கிடந்து கேட்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. எழுந்து போக முடியாது, முகத்தைத் திருப்பவும் மனமில்லை, பதில் சொல்ல ஒரு வரியும் கொடுக்கப்படவில்லை. தான் பெரிய தியாகம் செய்கிறோம் என்று நினைத்துச் சொன்ன ஒரு சொல், எதிரில் இருப்பவளை எப்படி அறுத்திருக்கிறது என்று அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்கிறார். அது முகத்தில் ஏறுகிற வேகத்தைக் கவனியுங்கள். ஒரே அடியாக வராது. சரணத்துக்குச் சரணம் வரும்.

அதே பாட்டில் ஒளிப்பதிவாளர் வின்சென்டின் கமராவையும் பாருங்கள். அறை சின்னது. ஒரு கட்டில், நாலு சுவர். வேறு ஒருவர் என்றால் இரண்டு முகங்களை மாறி மாறிக் காட்டிவிட்டுப் போயிருப்பார். வின்சென்ட் கமராவைக் கட்டிலுக்குக் கீழேயும் கொண்டுபோகிறார். கட்டில் ஒரு வேலி மாதிரி இருவருக்கும் நடுவில் நிற்பது அப்போதுதான் தெரியும். இன்றைக்குச் சின்னக் கமரா இருக்கிறது, யாரும் செய்யலாம். அன்றைய கமராவின் பருமனை ஒரு பழைய படப்பிடிப்புப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் இந்தப் பாட்டைப் போடுங்கள்.

இனிச் சத்தமான படங்களுக்குப் போவோம். 'பராசக்தி', 1952, கிருஷ்ணன் பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம், சிவாஜிக்கு முதல் படம். நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்துப் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டு வந்த பையன். இவன் வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விடாப்பிடியாக நின்றார். நீதிமன்றக் காட்சியில் எல்லாரும் உச்சத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், "ஓடினாள், ஓடினாள்" என்று குரல் ஏறுகிற இடத்தை. எனக்குப் பிடித்தது தொடக்கம். விசித்திரமான வழக்குகளைக் கண்ட நீதிமன்றம் இது என்று பேச்சை எடுக்கிறபோது குரலில் ஆத்திரமே கிடையாது. கணக்குப்பிள்ளை கணக்கு வாசிக்கிற நிதானம். முதலில் மன்றத்தைப் பாராட்டுகிறான், பிறகு தன்னைத் தாழ்த்துகிறான், அதற்குப் பிறகுதான் கதவு திறக்கிறது. அவர் மூச்சு எடுக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். நீண்ட வாக்கியத்தின் நடுவில் மூச்சு எடுத்ததே தெரியாது, முற்றுப்புள்ளியில் வேண்டுமென்றே எடுப்பார். அந்த இடைவெளியில் மற்றவர்களின் முகங்கள் வருகின்றன. அங்கே உங்கள் வேலை தொடங்கும்.

'மனோகரா' (1954) இதற்கு மறுபக்கம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், எல்.வி. பிரசாத் இயக்கியது. "பொறுத்தது போதும், பொங்கியெழு" என்ற வரியை எல்லாரும் கேலிக்குக்கூடச் சொல்வார்கள். அந்த வரியை மட்டும் வெட்டிப் பார்த்தால் கேலியாகத்தான் இருக்கும். முழுப் படத்தோடு பார்த்தால் கதை வேறு. மகனாக வருகிற சிவாஜி கையை உயர்த்தாமல் இருப்பதற்குக் காரணமே தாயாக வருகிற கண்ணாம்பாதான். படம் முழுக்கக் கண்ணாம்பா அடக்கிக்கொண்டே வருகிறார், தன்னையும் மகனையும். ராசாவின் ஆசைநாயகி வசந்தசேனையாக வருகிற டி.ஆர். ராஜகுமாரி அத்தனை அவமானத்தையும் அள்ளிக் கொட்டும்போது கண்ணாம்பாவின் தாடை மட்டும் இறுகும். அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் வாயைத் திறக்கிறார் என்பதால்தான் மகனைக் கட்டிய சங்கிலி அறுகிறது. கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. 1942இல் 'கண்ணகி' படத்தில் அவர் பேசிய தமிழைக் கேட்டவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

எஸ்.வி. ரங்காராவைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். 'படிக்காத மேதை', 1960, பீம்சிங் இயக்கம். பெரிய வீட்டின் தலைவர் அவர். வீட்டில் எடுத்து வளர்த்த ரங்கனாக சிவாஜி. உண்மையாக இருந்த ஒரே ஆளை வெளியே அனுப்பிவிட்ட பிறகு, 'எங்கிருந்தோ வந்தான்' என்ற பாரதி பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் வருகிறது. படத்தில் யாரும் வாயசைப்பதில்லை. அந்தப் பெரிய உடம்பு அப்படியே சரிந்துபோய் இருக்கிறது. கே.வி. மகாதேவன் மெட்டைப் போட்டுவிட்டார், பாரதி சொல்லைக் கொடுத்துவிட்டார், ரங்காராவ் செய்ய வேண்டியது நினைப்பது மட்டும். ஒரு மனிதன் நினைத்துக்கொண்டிருப்பதை நடிப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை. கண் கலங்கும் என்று நான் சொல்லவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்.

சிரிப்புக்கும் இதே விதிதான். 'பலே பாண்டியா' (1962) படத்தில் 'நீயே உனக்கு என்றும் நிகரானவன்' பாட்டைப் பார்த்திருப்பீர்கள். சிவாஜி சங்கீதத்தை அடுக்குகிறார், எம்.ஆர். ராதா எதிரே உட்கார்ந்திருக்கிறார். சிவாஜி பாடும்போது ராதாவைப் பாருங்கள், ராதா பாடும்போது சிவாஜியைப் பாருங்கள். 'கல்யாணப் பரிசு' (1959) தங்கவேலுவின் மன்னார் அண்ட் கம்பெனிப் பொய்களுக்கும் இப்படித்தான். பொய் சொல்கிற தங்கவேலுவைவிட அதை அப்படியே நம்பிக் கேட்கிற எம். சரோஜாவின் முகம்தான் சிரிப்பை மூட்டுகிறது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சியையும் இந்த வரிசையில் வைக்க ஆசைதான். ஆனால் 'காதலிக்க நேரமில்லை' வண்ணப்படம். பலருக்கு அது கறுப்பு வெள்ளையாகவே நினைவிருக்கிறது, ஏன் என்று விளங்கவில்லை.

திருகோணமலைக்காரர் கட்டாயம் பார்க்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் 'அந்த நாள்' என்பேன். 1954. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஆம், வீணை வாசித்த அதே பாலசந்தர்தான். ஒரு பாட்டுக் கிடையாது, ஆட்டம் கிடையாது. தமிழில் அப்படி ஒரு படம் அதற்கு முன் வந்ததில்லை. கதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டில் நடக்கிறது. நமக்கு அது சும்மா கதை இல்லை. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. அதே நாளில் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். அந்த நாட்களைக் கேட்டு வளர்ந்த வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. உளவு, துரோகம், இரவில் வரும் வானொலிச் செய்தி என்று படம் போகப் போக நம்மூர்க் கதை ஒன்றைப் பார்ப்பது போலவே இருக்கும்.

படம் தொடங்கியவுடனேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி செத்துவிடுகிறார். வானொலிப் பொறியியலாளர் ராஜன். யார் சுட்டது? அதிகாரி ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார், ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். கதைக்குக் கதை ராஜன் மாறுகிறான். ஒருவர் கண்ணுக்கு அவன் கர்வி, இன்னொருவர் கண்ணுக்கு அவன் வேறு. ஒரே சட்டை, ஒரே முகம், ஆனால் நிற்கிற நிலை கொஞ்சம் மாறியிருக்கும். கத்துகிறார் என்று நீங்கள் சொன்ன அதே சிவாஜிதான், 'பராசக்தி'க்கு இரண்டு வருடத்துக்குள். இந்தப் படத்தில் அவர் குரலை உயர்த்துகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவரை மேடை நடிகர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவது. மனைவியாக வருகிற பண்டரிபாய் கணவன் சொல்வதைக் கேட்கிற காட்சிகளை வடிவாகப் பாருங்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். முடிவு தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்த்தால் அவர் முகம் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருப்பது தெரியும். (ஜாவர் என்பது பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்ட பெயர். 1950இல் 'ஏழை படும் பாடு' படத்தில் அவர் செய்த இன்ஸ்பெக்டர் ஜாவரின் பெயர் அது.)

ஒளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை என்கிறோமே தவிர, இந்தப் படங்களில் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் குறைவு, நடுவில் இருக்கிற சாம்பல்தான் அதிகம். அதை ஆளத் தெரிந்தவர்தான் நல்ல ஒளிப்பதிவாளர். மார்கஸ் பார்ட்லியின் நிலவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'மாயாபஜார்' (1957) படத்தில் ஓடத்தில் போகிற 'ஆகா இன்ப நிலாவினிலே' பாட்டைப் பாருங்கள். நிலவு முழுக்க விளக்கால் செய்தது. பின்னாலிருந்து ஒளி வந்து தலைமுடியின் ஓரத்தையும் தண்ணீரின் நுனியையும் மட்டும் தொடும். இது செயற்கை என்று தோன்றினால் ஒரு பௌர்ணமி இரவில் டச் பே கரைக்குப் போய் நில்லுங்கள். கடலிலிருந்து நிலவு ஏறிய பிறகு பக்கத்தில் நிற்பவரின் சேலை என்ன நிறம் என்று சொல்லிப் பாருங்கள். சிவப்புக் கறுப்பாகத் தெரியும், மஞ்சள் சாம்பலாகத் தெரியும். நிலவு வெளிச்சத்தில் நம் கண்ணுக்கே நிறம் பிடிபடுவதில்லை. பார்ட்லி பொய் சொல்லவில்லை.

அதே படத்தில் சாவித்திரிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ரங்காராவ் செய்கிற கடோத்கஜன், மணப்பெண் வத்சலாவின் உருவத்தில் வந்து உட்காருகிறான். அதாவது ரங்காராவ் தன் உடம்புக்குள் இருக்கிறார் என்று சாவித்திரி நடிக்க வேண்டும். மணப்பெண் அலங்காரம் அப்படியே இருக்க, தோளைச் சற்று அகட்டி, புருவத்தைத் தூக்கி, மாப்பிள்ளையின் காலை நசுக்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பார். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் ரங்காராவைப் பார்த்துவிட்டு உடனே இந்தக் காட்சிக்கு வந்தால், அவருடைய அசைவுகளை சாவித்திரி எவ்வளவு கவனித்திருக்கிறார் என்று பிடிபடும்.

'பாசமலர்' (1961) கட்டாயம் கேட்பீர்கள். கடைசிக் காட்சி, 'கை வீசம்மா' எல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகம். அதைப் பார்த்து அழாவிட்டால் மனசு கல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். அந்தப் படத்தில் எனக்கு 'மலர்ந்தும் மலராத' போதும். அண்ணனும் தங்கையும் வேறு வேறு இடத்தில் இருந்து பிள்ளையைத் தாலாட்டுகிறார்கள். இருவரும் பார்ப்பது தொட்டிலை, நினைப்பது ஒருவரையொருவர். இங்கே கேட்கிறவர் திரையிலேயே இல்லை, அதனால்தான் அது உறைக்கிறது.

உங்கள் வயதுக்கு இன்னும் கிட்ட வேண்டும் என்றால் 'மூன்று முடிச்சு', 1976. வண்ணப்படங்கள் வந்து வெகு காலமான பிறகும் கே. பாலசந்தர் கறுப்பு வெள்ளையை விடவில்லை, 'அவள் ஒரு தொடர்கதை', 'அபூர்வ ராகங்கள்', 'அவர்கள்' எல்லாம் அப்படித்தான். ஏரியில் ஓடம். ரஜினி, கமல், ஸ்ரீதேவி. 'வசந்த கால நதிகளிலே' பாட்டு முடிகிற கட்டத்தில் கமல் தண்ணீரில் விழுகிறார். ஸ்ரீதேவி கதறுகிறார். ரஜினி துடுப்பை வலித்துக்கொண்டே இருக்கிறார். நம் ஊரில் ஓடம் வலித்தவர்களுக்குத் தெரியும், ஆள் விழுந்தால் கை தானாகத் துடுப்பை விட்டுவிடும். அந்தக் கை விடவில்லை. அலறலைக் கேட்டபடி ஒரு முகம் அசையாமல் இருக்கிறது. கேட்டும் கேளாத முகத்தையும் நடித்துக் காட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. படம் வந்தபோது ஸ்ரீதேவிக்குப் பதின்மூன்று வயதுதான்.

நம் நாட்டுப் படம் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி', 1977. சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தை என்ன செய்கின்றன என்பதுதான் கதை. இதில் கத்தல் இல்லை. இந்தியப் படத்தின் உச்சத் தொனிக்குப் பழகிய நம்மவர்களுக்கு அன்றைக்கு அது ருசிக்கவில்லை. உங்களுக்கு ஒருவேளை இதுவே முதலில் பிடித்துவிடும், அப்படியானால் இதிலிருந்து பின்னோக்கிப் போங்கள், வரிசை முக்கியமில்லை.

பார்க்கிற விதத்தைப் பற்றி ஒன்று. பின்னேர வெயிலில் போனில் பார்த்தால் இந்தப் படங்கள் செத்துவிடும், சாம்பல் எல்லாம் ஒரே கரியாகிவிடும். இரவில், லைட்டை அணைத்து, கிடைக்கிற பெரிய திரையில் போடுங்கள். சில பிரதிகளில் இன்றைய அகலத் திரைக்குப் பொருந்த வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள், நெற்றி பாதி காணாமல் போயிருக்கும். பக்கங்களில் கறுப்புப் பட்டையோடு கிட்டத்தட்டச் சதுரமாகத் தெரிகிற பிரதியைத் தேடிப் பிடியுங்கள். பிறகு வந்த வண்ணம் பூசிய பதிப்புகள் வேண்டாம். தெலுங்கு 'மாயாபஜா'ருக்கு 2010இல் அப்படிச் செய்து வெளியிட்டார்கள், திறமையான வேலைதான். ஆனால் பார்ட்லி வைத்த நிலவில் நீலமும் பச்சையும் தெரிந்தால் அது பார்ட்லி வைத்த நிலவு இல்லை.